டெட்வுட் முழுத் தொகுப்பு: டிவிடியா, புளூ-ரேயா? (இருட்டுக் காட்சி, வசனம், ரீஜன்)

#1 வெள்ளைக்கோடு

எச்.பி.ஓ.வின் டெட்வுட் (1876 தங்க வேட்டை முகாமைப் பற்றிய வெஸ்டர்ன் தொடர், 2004–2006, 3 பருவம், 36 அத்தியாயம்) வட்டில் வாங்கலாம் என்று இருக்கிறேன். பழைய பொருள் விற்கும் தளத்தில் முழு டிவிடி பெட்டி, புளூ-ரே பெட்டியின் பாதி விலைக்கு இருக்கிறது. டிவி 55 அங்குலம், சவுண்ட்பார் உண்டு, பிளேயர் இந்தியாவில் வாங்கிய புளூ-ரே பிளேயர். டிவிடி போதுமா? அமெரிக்க வட்டு இங்கே ஓடுமா? 2019-இல் வந்த படமும் பெட்டிக்குள் இருக்குமா?

#2 பழையவட்டு

கடைசிக் கேள்விதான் சுலபம். புளூ-ரே பெட்டி 2010 நவம்பரில் வந்தது, படம் 2019 மே மாதம் வந்தது. அந்தப் பெட்டிக்குள் படம் இருக்க வழியே இல்லை. படத்துக்குத் தனி வட்டு, அதைத் தனியாகத்தான் வாங்கணும்.

எண்ணிக்கையைக் குறிச்சு வச்சுக்கோங்க. 2008 டிசம்பரில் வந்த முழு டிவிடி பெட்டியில் 19 வட்டு: பருவத்துக்கு 6, கூடுதல் 1. புளூ-ரேயில் 13: பருவத்துக்கு 4, கூடுதல் 1. விற்கிறவர் "எல்லாம் இருக்கு" என்று சொல்வதை நம்பாதீங்க. எல்லா வட்டையும் பரப்பி, முன்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம் கேளுங்க. காணாமல் போவது பெரும்பாலும் அந்தக் கூடுதல் வட்டுதான். பாதியில் நின்றுபோன தொடரை எங்கே கொண்டுபோய் முடிக்க நினைத்தார் என்று, அதை உருவாக்கிய டேவிட் மில்ச் செட்டுக்குள்ளேயே நடந்து சொல்வது அதில்தான் இருக்கு. 2006-இல் தொடரை நிறுத்திய பிறகு இரண்டு படமாக முடிக்கலாம் என்று பேச்சு வந்து, அதுவும் நடக்காமல் போச்சு. 2019-இல் படம் வரும்வரை அந்த வட்டு ஒன்றுதான் ஆறுதல்.

அடிப்பக்கப் படம் எதுக்குன்னா, கள்ள வட்டைப் பிடிக்க. ஆலையில் அச்சான டிவிடி வெள்ளி நிறமாவோ லேசான பொன் நிறமாவோ இருக்கும். ஊதா அடிச்சா வீட்டில் எரிச்ச வட்டு. உள்வளையத்தைச் சுற்றிக் கண்ணாடியில் பொறிச்ச மாதிரி பொடி எழுத்து இருக்கணும்.

#3 குறுக்குச்சால்

கேட்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. 20 வருஷப் பழைய டிவி தொடர். ஸ்ட்ரீமிங்கில் கண்ணில் பட்டால் பார்த்துட்டுப் போகாம எதுக்கு வட்டு, பெட்டி, சுங்கம்னு தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?

#4 திரைச்சீலை

> எதுக்கு வட்டு, பெட்டி

பகல் வெளிச்சத்தில் எடுத்த தொடராக இருந்தால் நானும் அதையே சொல்வேன். டெட்வுட் பாதி இருட்டில் நடக்கிறது. 1876 முகாமில் மின்விளக்கு கிடையாது. விளக்குத்திரி, மெழுகுவத்தி, ஜன்னல் வழியே வரும் புழுதி வெளிச்சம் அவ்வளவுதான். ஒளிப்பதிவும் அந்தக் கணக்கில்தான். ஸ்ட்ரீமிங்கில் பிட்ரேட் (நொடிக்கு வரும் தகவலின் அளவு) குறையும்போது முதலில் அடிவாங்குவது இருட்டுதான். என்கோடர் (படத்தைச் சுருக்கும் மென்பொருள்) கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் இடத்துக்குப் பிட்டைக் கொடுத்துவிட்டு, நிழலில் மிச்சம் பிடிக்கும். சுவர் மூலையில் கட்டம் கட்டமாக நெளியும், விளக்கைச் சுற்றிய ஒளி வளையம் வளையமாகப் பிரியும். 35 மி.மீ. ஃபிலிம் என்பதால் படம் முழுக்கப் பொடித் துகள் (கிரெய்ன்) வேறு உண்டு. துகளைச் சுருக்குவது என்கோடருக்குப் பெரிய வேலை, எனவே பல நேரம் வழித்துத் துடைத்துவிடுகிறார்கள். முகம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

டிவிடி விஷயத்துக்கு வருவோம். ஒரு டிவிடியில் சராசரியாக இரண்டு அத்தியாயம்தான், 8.5 ஜிபி இடம். பிட்ரேட் பஞ்சம் கிடையாது. டிவிடிக்குரிய அளவில் பார்த்தால் நல்ல வேலைதான். ஆனால் 720×480 என்பது 3,45,600 புள்ளி, 1920×1080 என்பது 20,73,600. சரியாக ஆறு மடங்கு. 32 அங்குலத்தில் டிவிடி தாங்கும். 55-இல், அதுவும் எட்டடி தூரத்துக்குள் உட்கார்ந்தால், தெருவின் சேறும் மரப்பலகையும் ஒரே பழுப்பாகக் குழம்பிவிடும். இந்தத் தொடரில் சேறும் ஒரு பாத்திரம். புளூ-ரே வாங்குங்கள்.

#5 மாதகல்காரன்

திரைச்சீலை அண்ணை சொல்லுறது சரி. ரீஜன் (எந்த நாட்டு வட்டு எந்தப் பிளேயரில ஓடும் எண்ட பூட்டு) விஷயத்தை நான் சொல்லுறன், எங்கட ஆக்கள் ஒவ்வொரு நாட்டில இருக்கிறதால இதில கன பேர் பிழை விடுகினம்.

டிவிடிக்கு: அமெரிக்கா, கனடா 1. இங்கிலாந்து, ஐரோப்பா 2. சிங்கப்பூர், மலேசியா 3. அவுஸ்திரேலியா 4. இந்தியா, இலங்கை 5.
புளூ-ரேக்கு: அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ஏ. இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை சி.

சிங்கப்பூரில இருக்கிற ஆள் அமெரிக்கப் புளூ-ரேயைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அதே ஆள் அமெரிக்க டிவிடி வாங்கினால் பிளேயர் துப்பிவிடும். இந்தியாவில, இலங்கையில வாங்கின பிளேயருக்கு ரெண்டுமே வேற எழுத்து, வேற இலக்கம். பெட்டியின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ: டிவிடி எண்டால் உலக உருண்டைக்குள்ள இலக்கம், புளூ-ரே எண்டால் அறுகோணத்துக்குள்ள எழுத்து. மூண்டு எழுத்தும் இருந்தால் எங்கையும் ஓடும். விக்கிறவரிட்டப் பின்னட்டைப் படம் கேளுங்கோ, அதைக் காட்டாதவரிட்ட வாங்காதேங்கோ.

டிவிடி ரீஜனைத் திறக்கப் பல பிளேயருக்கு ரிமோட்டில இலக்கம் அடிக்கிற வழி இருக்கு. அதே வழி புளூ-ரே ரீஜனையும் திறக்கும் எண்டு நினைக்காதேங்கோ, ரெண்டும் தனித்தனிப் பூட்டு. கணினி டிரைவ் எண்டால் டிவிடி ரீஜனை 5 தரம்தான் மாத்தலாம், அஞ்சாம் தரம் வச்சது அப்பிடியே உறைஞ்சிடும். புளூ-ரே ரீஜனைக் கணினியில டிரைவ் பாக்கிறேல்லை, ஓட்டுற மென்பொருள்தான் பாக்கும்.

#6 வெள்ளைக்கோடு

நன்றி அண்ணா. அப்போ இங்கிலாந்து டிவிடி மலிவாகக் கிடைத்தால், ரீஜனைத் திறந்துவிட்டுப் பார்த்தால் என்ன குறை?

#7 ஒலிப்பேழை

குறை காதில் விழும். இங்கிலாந்து டிவிடி பால் (PAL) என்ற டிவி முறை. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), பால் 25. இடைவெளியை நிரப்பக் கஷ்டப்படாமல் படத்தையே வேகமாக ஓட்டிவிடுவார்கள், சுமார் 4 சதம். 55 நிமிட அத்தியாயம் 52 நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் குரல் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். சாதாரணத் தொடரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே சலூன் முதலாளி ஆல் ஸ்வேரன்ஜனாக வரும் இயன் மெக்‌ஷேனின் அடித்தொண்டைதான் பாதித் தொடர். 2005 கோல்டன் குளோப் அந்தக் குரலுக்கும் சேர்த்துத்தான். அதை மெலிய வைத்துக் கேட்பானேன்?

சவுண்ட்பார் என்று சொன்னதால் ஒலியை இங்கேயே முடித்துவிடுகிறேன். புளூ-ரேயில் இருப்பது டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 5.1. மூன்று இடத்தில் அது கெடும்.

பிளேயர் மெனுவில் "செகண்டரி ஆடியோ" அல்லது "பிடி ஆடியோ மிக்ஸ்" என்று ஒன்று இருக்கும். பல பிளேயரில் பெட்டியைப் பிரிக்கும்போதே அது ஆன். ஆனில் இருந்தால் மெனு சத்தத்தைக் கலப்பதற்காக மூல ஒலியைப் பிரித்து மறுபடி சுருக்கி அனுப்பும். ஆஃப் பண்ணுங்க.

அடுத்தது கேபிள் வழி. பிளேயர் டிவிக்குப் போய், டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வாய்) வழியாகப் போனால், நடுவில் டிவி டிடிஎஸ்ஸை விழுங்கிவிட வாய்ப்பு உண்டு. டிடிஎஸ்ஸைக் கடத்தாத டிவி நிறைய. அப்போது ஒன்று மௌனம், இல்லையென்றால் வெறும் ஸ்டீரியோ. சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ உள்வாய் இருந்தால் பிளேயரை நேராக அதில் செருகி, அங்கிருந்து டிவிக்குப் படத்தை எடுங்க. உள்வாய் இல்லையென்றால் பிளேயரின் ஒலியை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று வையுங்க. சத்தமாவது நிச்சயம் வரும்.

மூன்றாவது, நடு ஸ்பீக்கர். வசனம் முழுக்க அதில்தான். சோதிக்க ஒரு இடம்: பெட்டிக்குள் வைத்திருக்கும் வெட்டுண்ட தலையிடம் ஆல் தனியாகப் பேசும் காட்சி எதுவானாலும் சரி. முணுமுணுப்பு, கீழே சலூன் இரைச்சல். சொல் தனித்தனியாகப் பிரிந்து கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் சென்டரை 2 அல்லது 3 டெசிபெல் ஏற்றுங்க. மொத்த வால்யூமை ஏற்றினால் அடுத்த காட்சியில் துப்பாக்கி வெடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

#8 குறுக்குச்சால்

சென்டரை எவ்வளவு ஏத்தினாலும் அந்த இங்கிலீஷ் புரியாது என்பதுதான் என் வாதம். பாதி கெட்ட வார்த்தை, மீதி கோர்ட்டு மனு.

#9 ஏடறிந்தோன்

வாதம் நியாயமானது, ஆனால் அது தற்செயல் இல்லை. அந்தக் கால வசவுகள் பெரும்பாலும் தெய்வ நிந்தனை. இன்றைய காதுக்கு அவை சிரிப்பைத்தான் வரவழைக்கும் என்பதால் இன்றைய வசவுகளை வேண்டுமென்றே வைத்ததாக மில்ச்சே விளக்கியிருக்கிறார். மேலே வசவு, அடியில் விக்டோரியா கால வாக்கிய அடுக்கு. வினைமுற்று கடைசியில்தான் வந்து விழும். நம் பழைய உரைநடை படித்தவர்களுக்கு அந்த மூச்சு பழக்கமானதே. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள், இரண்டாம் பருவத்துக்குள் காது பிடித்துக்கொள்ளும். தமிழ் ஒலியோ தமிழ் சப்டைட்டிலோ எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்று: முகாமின் சீனர் தலைவர் வூ பேசும் கன்டோனீஸுக்கு மொழிபெயர்ப்பு வராது. வட்டில் குறை இல்லை, ஆலுக்குப் புரியாதது நமக்கும் புரியக்கூடாது என்ற ஏற்பாடு.

#10 பழையவட்டு

சப்டைட்டில் பற்றி ஒரு பொறி. டிவிடியில் இரண்டு வகை உண்டு: வட்டிலேயே படமாக இருக்கும் சப்டைட்டில், பழைய டிவி சிக்னலுக்குள் ஒளிந்து வரும் குளோஸ்டு கேப்ஷன். பின்னட்டையில் "சிசி" என்று மட்டும் போட்டிருந்தால் அது இரண்டாவது. எச்டிஎம்ஐ வழியே அது வராது. மஞ்சள்-வெள்ளை-சிவப்பு கேபிள் போட்டால்தான் வரும். புளூ-ரேயில் இந்தத் தொல்லை இல்லை.

#11 வெள்ளைக்கோடு

சரி, புளூ-ரே என்று முடிவு. டிவியில் என்ன மாற்றணும்? இருட்டுக் காட்சி என்றாலே என் டிவியில் வெறும் கறுப்பு.

#12 திரைச்சீலை

வெறும் கறுப்பு என்றால் முதலில் பிரைட்னஸைத் தொடாதீர்கள். அது வட்டின் இருட்டா, கேபிளில் நடந்த தவறா என்று பார்க்க வேண்டும்.

வீடியோவில் கறுப்பு என்பது 0 இல்லை, 16. வெள்ளை 235. இது லிமிடெட். கணினிக்காரர்கள் 0 முதல் 255 வரை, அது ஃபுல். பிளேயர் ஃபுல் அனுப்பி, டிவி லிமிடெட்டை எதிர்பார்த்தால், 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே தார்க் கறுப்பாகிவிடும். உங்களுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம். தலைகீழாக நடந்தால் எல்லாம் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்து நிற்கும். பிளேயரில் எச்டிஎம்ஐ வண்ண முறையை ஆர்ஜிபியிலிருந்து ஒய்சிபிசிஆருக்கு மாற்றினால் பெரும்பாலும் அங்கேயே தீரும். ஆர்ஜிபிதான் வேண்டும் என்றால் இரு பக்கமும் லிமிடெட். டிவியில் இதற்குப் பெயர் "எச்டிஎம்ஐ பிளாக் லெவல்" என்றோ "ரேஞ்ச்" என்றோ இருக்கும்.

பிறகு: பிக்சர் மோட் "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்". ஷார்ப்னஸை அடிமட்டத்துக்கு. சில டிவியில் 0 என்றால் மங்க வைக்கும், அப்போது நடுவில். நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப், ஏனென்றால் ஃபிலிம் துகளை அழுக்கு என்று நினைத்து முகத்தோடு சேர்த்துக் கழுவிவிடும். டைனமிக் கான்ட்ராஸ்ட் ஆஃப். மோஷன் ஸ்மூத்திங் ஆஃப். அது ஆனில் இருந்தால் 1876 மேடை நாடகம் மாதிரி வழுக்கும். அறை வெளிச்சத்தைப் பார்த்து டிவி தானாக மங்கும் "இகோ" வகையறாவும் ஆஃப்.

பிளேயரில் 1080பி 24 ஆன். ஆட்டோ என்றால் சில பிளேயர் 60-க்குத் தள்ளிவிடும். அப்போது ஒரு சட்டம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று காட்டுவதால், கேமரா தெருவில் மெல்லத் திரும்பும்போது படம் நொண்டும். 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் ஒவ்வொரு சட்டமும் சரியாக ஐந்து முறை, நொண்டல் இல்லை.

இப்போது சோதனை. முதல் அத்தியாயம், வால்டர் ஹில் இயக்கியது, 2004-இல் இயக்கத்துக்கு எம்மி வாங்கியது. ஆரம்பமே மொன்டானாவில் இரவு, காவல் அதிகாரி சேத் புல்லக்கின் சிறை. அறை விளக்கை அணைத்துவிட்டு அங்கே நிறுத்துங்கள். புல்லக்கின் கறுப்புக் கோட்டுக்கும் பின்னால் இருக்கும் இருட்டுக்கும் நடுவே விளிம்பு தெரிய வேண்டும், கோட்டின் மடிப்பு ஒன்றிரண்டாவது பிடிபட வேண்டும். தெரியாவிட்டால் பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். இருட்டு கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறத் தொடங்கியதும் ஒரு புள்ளி இறக்கி நிறுத்துங்கள். அதற்கு மேல் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், மூலையில் ஒன்றும் இல்லை. வேண்டுமென்றேதான் இல்லை.

#13 குறுக்குச்சால்

இதெல்லாம் பண்ணிட்டு ஸ்ட்ரீமிங்கில் பார்த்தாலும் நல்லாத்தானே இருக்கும்.

#14 திரைச்சீலை

இருக்கும். இதெல்லாம் பண்ணாமல் புளூ-ரேயில் பார்ப்பதைவிட நன்றாகவே இருக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

#15 மாதகல்காரன்

ஏடறிந்தோன் ஐயா, இதில எவ்வளவு உண்மையா நடந்தது? துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்கொக் சுடுபட்டது உண்மை எண்டு தெரியும்.

#16 ஏடறிந்தோன்

நாலாம் அத்தியாயம் வரை பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போங்கள்.

1876 ஆகஸ்ட் 2, நட்டல் அண்ட் மேன் சலூனில் சீட்டு மேசையில் ஜாக் மெக்கால் ஹிக்கொக்கைப் பின்னாலிருந்து சுட்டது, முகாமில் ஒரு விசாரணை நடத்தி அவனை விட்டது, பின்னர் டகோட்டா பிரதேசத் தலைநகர் யாங்டனில் மறுபடி விசாரித்துத் தூக்கிலிட்டது எல்லாம் உண்மை. ஒரே குற்றத்துக்கு இரண்டு விசாரணை எப்படி? டெட்வுட்டே சட்டத்துக்குப் புறம்பான முகாம் என்பதால் முதல் விசாரணை செல்லாது என்றார்கள். 1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தப்படி டெட்வுட் இருக்கும் கறுப்பு மலைகள் லகோட்டா பழங்குடி மக்களுடையவை. 1874-இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை தங்கம் இருப்பதாகச் சொன்னதும் கூட்டம் புகுந்தது. "இங்கே சட்டமே இல்லை" என்று பாத்திரங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வீரவசனம் இல்லை, நிலப் பத்திரப் பிரச்சினை. இரண்டாம், மூன்றாம் பருவத்தில் வரும், முகாமை அரசோடு இணைக்கும் பேச்சு, தேர்தல், சுரங்க உரிமைப் பத்திரச் சண்டையெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிலத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு சரி என்றது. லகோட்டா மக்கள் பணத்தைத் தொடவில்லை, நிலம்தான் வேண்டும் என்கிறார்கள்.

மாற்றியவை: உண்மையில் மார்த்தா, தொடரில் வருவதுபோல் புல்லக்கின் சகோதரனின் விதவை அல்ல, ஆரம்பம் முதலே அவர் மனைவி. போதகர் ஸ்மித் நோய்ப்படுக்கையில் சாகவில்லை, 1876 ஆகஸ்டில் வழியில் கொல்லப்பட்டார். ஸ்வேரன்ஜனின் ஜெம் சலூன் 1877-இல்தான் திறந்தது. சுரங்க முதலாளி ஹெர்ஸ்ட் வாங்கிய ஹோம்ஸ்டேக் சுரங்கம் பக்கத்து ஊரான லீடில். ஆல்மா காரட்டின் சுரங்கம் கற்பனை. தெரு கலிபோர்னியாவில் சாண்டா கிளாரிட்டா பக்கம், மெலடி ராஞ்சில் போட்ட செட்.

படத்தைக் கடைசியில் பாருங்கள். அது 1889-இல், தெற்கு டகோட்டா மாநிலமாகும் வேளையில் நடப்பது. முன்கதை தெரியாமல் பார்த்தால் பாதி முகங்கள் வெறும் நரைத்த தாடி.

#17 வெள்ளைக்கோடு

பெட்டி ஒன்று கிடைத்தது. 13 வட்டும் இருக்கு, பின்னட்டை எழுத்தும் ஒத்துவருது. ஆனால் 11-ஆம் வட்டில் வட்டமாக ஒரு கீறல், நகம் வைத்தால் மாட்டுது என்கிறார். மெருகு போட்டுக் கொடுக்கும் கடை இருக்கு, 300 ரூபாய் குறைக்கிறேன் என்கிறார். எடுக்கலாமா?

#18 பழையவட்டு

டிவிடியா இருந்தா யோசிக்கலாம்னு சொல்வேன். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மி.மீ. ஆழத்தில், வட்டின் தடிமனுக்கு நடுவில் இருக்கு. மேலே கொஞ்சம் சீவி எடுத்தாலும் பிழைக்கும். புளூ-ரேயில் அது வெறும் 0.1 மி.மீ. கீழே, மேலே ஒரு கெட்டிப் பூச்சு மட்டும். நகம் மாட்டுற கீறல்னா பூச்சு போயாச்சு. மெருகுக் கடைக்காரர் அதைச் சமன் பண்ணப் போனா தகவலையே சுரண்டுவார். அதுவும் வட்டமான கீறல்; தடத்தோடு சேர்ந்தே ஓடும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போற கீறலை லேசர் ஒரு நொடியில் தாண்டிடும், பிழைதிருத்தி சமாளிச்சுக்கும். வட்டக் கீறலில் ஒரே இடத்தில் நிறையத் தகவல் போகும், அங்கே உறைஞ்சு நிக்கும். (துடைக்கும்போதும் அதனாலதான் நடுவிலிருந்து வெளியே நேராத் துடைக்கச் சொல்றது. சுத்திச் சுத்தித் துடைச்சவர் கை வேலையா இருக்கலாம் இது.)

11-ஆம் வட்டுன்னா மூணாம் பருவத்தின் நடுப்பகுதி. ஹெர்ஸ்ட் கழுத்தை நெரிக்கிற நேரம். அந்த ஒரு வட்டைத் தனியா வாங்கவும் முடியாது. 300 ரூபாய்க்கு மயங்காதீங்க, வேற பெட்டி தேடுங்க.

#19 வெள்ளைக்கோடு

வேண்டாம் என்று சொல்லிட்டேன். நீங்க சொன்னபடி பிளேயரை ஒய்சிபிசிஆருக்கு மாத்தி, கையில் இருந்த வேற வட்டைப் போட்டுப் பார்த்தேன். கறுப்புக்குள்ளே சுவர் இருக்கு.